ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கும் முன் மாடித் தொட்டியின் உயரத்தை அளந்துவிடுங்கள்

தமிழ்ப் புத்தாண்டு ஆஃபர் நோட்டீஸ் பேப்பருக்குள் வைத்து வர ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்சேஞ்ச், ஜீரோ வட்டி, ஜிஎஸ்டி சலுகை என்று பளபளவென்று அடித்திருக்கிறார்கள். பொங்கலுக்கும் இதே நோட்டீஸ்தான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் வாஷிங் மெஷின் வாங்கி நாங்கள் பட்ட பாட்டை எழுதிவைக்கிறேன். இந்த மாதம் வாங்கப்போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்.

கடைப் பெயரைப் போடவில்லை. தஞ்சாவூரில் உள்ள ஒரு பெரிய கடை, அவ்வளவுதான். இதே பேச்சைக் கும்பகோணத்தில் வேறு ஒரு கடையில் என் தங்கையும் கேட்டிருக்கிறாள். அதனால் கடையை விட, பேசும் பேச்சை அடையாளம் தெரிந்துகொள்வதுதான் உபயோகம்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். மேல்மாடி எடுக்காத காங்கிரீட் வீடு. தளத்தின் மேல் ரெண்டடி மேடை கட்டி, அதில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ். போர் தண்ணீர், உப்பு. குடிக்கக் கொள்ளிடம் தண்ணீர் தெருக்குழாயில் வரும்போது பிடித்து வைத்துக்கொள்வோம். வீட்டில் மாமா இன்னும் வயலுக்குப் போகிறவர். அவர் வேட்டியில் வரும் களிமண் ஒருநாள் விட்டுவிட்டால் காய்ந்து ஓடாகிவிடும். பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷினில்தான் அத்தை துவைத்துக்கொண்டிருந்தார். அதில் டிரையர் பக்கம் பிரேக் போய், மூடியைத் திறந்தாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. கையை விட்டுவிடுவாரோ என்று பயந்துதான் புதிது வாங்குவதென்று முடிவு செய்தோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பினார்.

கடையில் செமி ஆட்டோமேட்டிக் எல்லாம் மாடிப்படிக்கு அடியில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தன. முன்வரிசை முழுக்க ஃபிரண்ட் லோடு, அதாவது முன்பக்கம் கதவு வைத்து, குழாயிலிருந்து தானே தண்ணீர் பிடிக்கிற மெஷின். செமி காட்டுங்கள் என்றதும் விற்கிற தம்பியின் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் இப்ப யாருக்கா வாங்குறாங்க? சர்வீஸுக்கே ஆள் வர மாட்டான்" என்றார். நான் தெளிவாகவே கேட்டேன்: "எங்க வீட்ல தொட்டி ரொம்ப உயரத்துல இல்ல. போர் தண்ணி, உப்பு. இதுக்கு ஃபிரண்ட் லோடு ஒத்துவருமா?" அவர் சொன்ன பதில் அப்படியே நினைவிருக்கிறது. "அக்கா, இப்ப வர்ற மிஷின் எல்லாம் நம்ம ஊருத் தண்ணிக்குன்னே செய்யறது. குழாயத் திறந்தா தண்ணி வருதுல்ல? அது போதும்." பக்கத்திலிருந்த சூப்பர்வைசரும் தலையாட்டினார். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதையே சொல்லவில்லை என்று சாதித்தார்கள்.

ஏழு கிலோ மெஷின், 27,990 ரூபாய். பழைய மெஷினுக்கு ஆயிரம் ரூபாய் கழித்து, குட்டியானையில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பழசை அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சூட்சுமம் இதுதான். புதுசு ஓடவில்லை என்றால் திரும்பிப்போக வீட்டில் பழசு இருக்காது.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்டாலேஷன் ஆள் வந்தார். பையிலிருந்து தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் விட்டு, 1,380 என்று காட்டினார். "இந்தத் தண்ணில மிஷின் ஆறு மாசம் தாங்காது. ஃபில்டர் போடலைன்னா வாரண்டி கிடைக்காது" என்றார். ஃபில்டர் 1,800, ஸ்டாண்ட் 1,500. அத்தை பயந்துபோய்ப் போடச் சொல்லிவிட்டார். பணம் அவருடைய சொந்த நம்பருக்கு யுபிஐயில் போனது, பில் கிடையாது. மெஷினோடு வந்த புத்தகத்தில் ஃபில்டர் கட்டாயம் என்று ஒரு வரிகூட இல்லை. வாரண்டி அட்டையிலும் இல்லை.

அந்த ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டா முழுக்க இதை விற்கிறார்கள். உள்ளங்கை அளவு நீல டப்பா. உள்ளே கண்ணாடிக் கோலி மாதிரி வெள்ளைக் குண்டுகள். அது பாலிபாஸ்பேட். தண்ணீரில் மெதுவாகக் கரைந்து, சுண்ணாம்பு ஹீட்டரிலும் குழாயிலும் படிவதைக் குறைக்கும். அது உண்மைதான், ஒரேயடியாக ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது உப்பை எடுக்காது, தண்ணீரை மென்மையாக்காது. கடினநீரை மென்மையாக்க ரெசின் போட்ட சாஃப்ட்னர் வேண்டும். அதற்கு அவ்வப்போது உப்புக் கரைசல் ஊற்ற வேண்டும், விலையும் வேறு. தெருமுனை ஆர்.ஓ. பிளாண்ட் அண்ணனிடம் மீட்டரை வாங்கி ஃபில்டருக்கு முன்னும் பின்னும் நானே அளந்தேன். முன்னால் 1,380, பின்னால் 1,385. இன்ஸ்டாலேஷன் ஆள் போட்ட பிறகு ஏன் மீட்டரை வெளியே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. இன்னொன்று: டிடிஎஸ் மீட்டர் காட்டுவது மொத்தம் கரைந்திருக்கும் உப்பு. சோப்பு நுரைக்காமல் செய்கிற கடினத்தன்மை அதில் தனியாகத் தெரியாது. ஆனால் நம்மைப் பயமுறுத்த அந்த ஒரு நம்பர் போதுமே.

சரி, ஃபில்டர் போட்டாயிற்று, துணி போட்டோம். கால்மணி நேரம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அப்புறம் பீப் பீப் என்று கத்தி நின்றுவிட்டது. தண்ணீர் வரவில்லை என்ற கோளாறுக் குறி. மறுபடி போட்டால் மறுபடி அதே. ஒருமுறை எப்படியோ முழுதாக ஓடியது. அன்று பிழியும் நேரத்தில் மெஷின் ஸ்டாண்டோடு நடந்து வாசற்படி வரை வந்துவிட்டது.

சர்வீஸுக்கு வந்தவர் வேறு ஆள், நல்ல மனிதர். பின்பக்கம் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஃபிரண்ட் லோடு லாரியில் ஆடாமலிருக்க, உள் டிரம்மைப் பின்னாலிருந்து நீளமான போல்ட்டுகளால் இறுக்கி அனுப்புவார்கள். பொருத்தும்போது அத்தனையையும் கழற்றிவிட்டு, ஓட்டையில் பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். எங்களுடையதில் ஒன்றைக் கழற்றாமலே விட்டிருந்தார் ஃபில்டர் விற்ற மகராசன். உங்கள் வீட்டில் பொருத்தும்போது புத்தகத்தில் எத்தனை போல்ட் போட்டிருக்கிறது என்று பார்த்து, அத்தனையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கிப் போட வேண்டாம், வீடு மாறும்போது திரும்பப் போட வேண்டியிருக்கும்.

போல்ட் பிரச்சினை அதோடு தீர்ந்தது. தண்ணீர்ப் பிரச்சினை தீரவில்லை. ஹோஸ் முனையிலுள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவினார், மணல் இல்லை. ஃபில்டரை எடுத்துவிட்டுப் போட்டும் பார்த்தார், கொஞ்சம் வேகம் கூடியது, ஆனாலும் நின்றது. பிறகு மாடிக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "இது மிஷின் கோளாறு இல்லம்மா, பிரஷர் பத்தல" என்றார்.

கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீருக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம். எங்கள் மெஷின் புத்தகத்தில் குறைந்தது 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதாவது மெஷின் குழாயிலிருந்து தொட்டித் தண்ணீர் ஐந்து மீட்டர், கிட்டத்தட்ட 16 அடி உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டரை அடி. மெஷின் குழாய் மூன்றரை அடியில். மிஞ்சுவது ஒன்பதடி, 0.3 பார்கூடத் தேறாது. தொட்டி நிறைந்திருந்தால் ரெண்டு மூன்றடி கூடும், அன்றைக்கு மட்டும் ஓடும். 0.3 பார் போதும் என்கிற மாடல்களும் இருக்கின்றன, ஒரு பார் கேட்கிற மாடல்களும் இருக்கின்றன. இந்த எண் ஒவ்வொரு மெஷின் புத்தகத்திலும் அச்சாகி இருக்கும். விற்கிறவர் எவரும் அந்தப் பக்கத்தைப் பிரிப்பதில்லை. பெரிய தொட்டி வைத்தால் பிரஷர் கூடும் என்று சிலர் சொல்வார்கள். கூடாது. உயரம்தான் கணக்கு.

பிரஷர் பம்பு போட்டால் ஓடும். அதைக் கடைக்காரரே போனில் சொன்னார், ஏதோ உதவி செய்கிற மாதிரி. ஏழெட்டாயிரம் செலவு. விற்கும்போது "குழாயைத் திறந்தால் போதும்" என்று சொன்னீர்களே என்றால், "அப்படி எங்க ஸ்டாஃப் சொல்லிருக்க மாட்டாங்க" என்றார். திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பெட்டி பிரித்த பொருளை எடுக்க மாட்டோம் என்றார்.

இதற்கு நடுவில், ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன் பில்லை வாங்கிப் பார்த்துச் சிரித்தான். மூன்றாவது வரியில் 2,499 ரூபாய்க்கு ஒரு 'புரொடெக்‌ஷன் பிளான்'. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதத் தவணையோடு சேர்த்துச் சொன்னதில் அமுங்கிவிட்டது. அப்புறம் அந்த ஜிஎஸ்டி சலுகை. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18க்கு இறங்கியது ஏசி, பெரிய டிவி, டிஷ்வாஷர் போன்றவைக்கு. வீட்டு வாஷிங் மெஷின் 2018 ஜூலையிலேயே 18க்கு வந்துவிட்டது. ஏசிக்கு வந்த குறைப்பைக் காட்டி வாஷிங் மெஷினையும் சேர்த்து விற்றிருக்கிறார்கள். பத்து வருட வாரண்டி என்று கதவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் மோட்டாருக்கு மட்டும்தான். எலி கடித்த ஒயருக்கு எந்த வாரண்டியும் வராது. அறுவடை முடிந்து வயலெலி வீட்டுக்குள் வருகிற நம் ஊரில் இதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு காகிதம். சர்வீஸ் ஆளிடம் "பிரஷர் போதவில்லை, இந்த வீட்டுக் குழாய்க்கு இந்த மாடல் பொருந்தாது" என்று ஜாப் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று பிடிவாதமாக வாங்கிக்கொண்டேன். அதன் நகலோடு கடைக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். கடிதத்தில் சித்தப்பா மகன் இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொன்னான். பொருளின் பயனைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அதே சட்டப்படி, கடை தஞ்சாவூரில் இருந்தாலும் நாங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு கடையிலிருந்து வந்த போனில் குரலே வேறாக இருந்தது.

முடிவில் ஃபிரண்ட் லோடை எடுத்துக்கொண்டு, எட்டரை கிலோ செமி ஆட்டோமேட்டிக் கொடுத்தார்கள். வித்தியாசத் தொகையில் 3,000 பிடித்துக்கொண்டார்கள். புரொடெக்‌ஷன் பிளான் பணம் முழுசாக வந்தது. அந்த மூவாயிரத்துக்கும் சண்டை போட்டிருக்கலாம். அதுவரைக்கும் வயல் வேட்டிகளை அத்தை துவைகல்லில் அடித்துக்கொண்டிருந்தார், தோள்பட்டை வலி வேறு. போதும் என்று விட்டேன்.

நான் ஃபிரண்ட் லோடு வாங்காதே என்று சொல்லவில்லை. தஞ்சாவூரில் மூன்றாவது மாடித் தொட்டியிலிருந்து கீழ்வீட்டுக்குத் தண்ணீர் வருகிற என் தங்கை வீட்டில் அது அருமையாக ஓடுகிறது. தண்ணீர் குறைவாகக் குடிக்கிறது, துணி முக்கால் காய்ச்சலில் வெளியே வருகிறது. ஆனால் கைத்துவைப்புப் பவுடரைப் போட்டால் நுரை பொங்கிவிடும், அதற்கென்று உள்ள பவுடர்தான் வேண்டும். வெந்நீரில் போட்டால் ஹீட்டர் மட்டும் இரண்டு கிலோவாட் இழுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற கிராமத்தில் அது தொல்லை. டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக்கும் தானே தண்ணீர் பிடிக்கிற மெஷின்தான், அழுத்தம் அதற்கும் வேண்டும். குறைந்த அழுத்தத்துக்கென்றே வால்வு வைத்த மாடல்கள் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். முதியவர்களுக்குக் குனியாமல் துணி போட அது வசதி. தண்ணீர் மட்டும் ஏராளமாகப் போகும். செமியில் துணியை ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் கையால் மாற்ற வேண்டும், அது வேலைதான். ஆனால் குடத்தில் ஊற்றினாலும் துவைக்கும். மாமா வேட்டியைக் கல்லில் ஒரு அலசு அலசிப் போட்டுவிட்டு, அதே சோப்புத் தண்ணீரில் கால்மிதியும் துவைத்துவிடலாம். 

கடைக்குப் போகும்போது தொட்டி உயரத்தை அடிக்கணக்கில் எழுதிக்கொண்டு போங்கள். இந்த உயரத்துக்கு ஓடும் என்று பில்லின் பின்பக்கம் எழுதி சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த மாடல் வேண்டாம். வெப்பத்தாளில் அடித்த பில் வாரண்டி முடிவதற்குள் வெளுத்துவிடும், வீட்டுக்கு வந்ததும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

ஃபில்டருக்கும் ஸ்டாண்டுக்கும் கொடுத்த 3,300 இன்னும் வரவில்லை. பொருத்த வந்தவர் எங்கள் ஆள் இல்லை என்கிறது கடை, அப்படி ஒருவரை அனுப்பவே இல்லை என்கிறது கம்பெனி. யுபிஐ ரசீதை வைத்துத் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அவர் இப்போது மன்னார்குடிப் பக்கம் வீடுகளுக்குப் போகிறார் என்று கேள்வி. டிடிஎஸ் மீட்டரை எடுத்தால், ஃபில்டர் போட்ட பிறகும் அதே குழாயில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.