தனியறை ஆலோசனையும் குழு ஆலோசனையும்

போரையும் 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையையும் கடந்து, இன்று மனம் களைத்துப்போயிருக்கும் மட்டக்களப்பு மக்களுக்குத் தனிநபர் உளவள ஆலோசனை, குழு ஆலோசனை என இரு வழிகள் உண்டு.

தனிநபர் ஆலோசனையின் பலம் இரகசியமே. வீட்டுக்குள் நேர்ந்த வன்முறையை, எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஓர் ஊரில், பலர் நடுவே சொல்ல இயலாது. கொடுங்கனவுகளும் திடுக்கிடலும் நீடிக்கும்போது, அதிர்ச்சியை மையப்படுத்திய அறிதல் நடத்தைச் சிகிச்சையை (அதிர்ச்சி சார்ந்த எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) தனியாகவோ குழுவாகவோ வழங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் பரிந்துரைத்தது; கடுமையான அறிகுறிகள் உள்ளவருக்குத் தனிச் சிகிச்சையையே நான் முதலில் சொல்வேன்.

ஆயினும், காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக இன்னும் காத்திருக்கும் தாய்க்குக் குழுவே பொருந்தும் என்று நம்புகிறேன். அவருடைய இழப்புக்கு முடிவு இல்லை. ஈமக்கடன் செய்யவும் மனம் ஒப்பாது. "மறந்துவிடுங்கள்" என்று சொல்லாத, அதே காத்திருப்பை அறிந்த பெண்களிடையேதான் அவர் வாய்திறப்பார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் அம்மனின் சினம் தணிக்கும் திருக்குளிர்த்திச் சடங்கின்போது கண்ணீர் விட்டு ஆறும் பெண்களை அறிந்த ஆலோசகர், அந்த வழிபாட்டை மூடநம்பிக்கை என ஒதுக்கமாட்டார். அம்பாறையின் முஸ்லிம் குடும்பங்களுக்குத் தொழுகையும் அவ்வாறே. எவரையும் கதை சொல்லும்படி வற்புறுத்தாமை தனிநபர், குழு ஆலோசனை இரண்டிலும் கட்டாயம்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைக்கலாம்.