கோல்ஃப்ல திருநங்கைங்க: பழைய ரூலா, புது ரூலா?

வியாசர்பாடி கேரம் கிளப்ல நேத்து இதான் பேச்சு. அமெரிக்காவுல பொண்ணுங்க கோல்ஃப் நடத்துற எல்பிஜிஏ, 2010ல 'பொறப்புலயே பொண்ணா இருக்கணும்'ங்கிற ரூல தூக்கிட்டாங்க, திருநங்கைங்களுக்கு வழி தொறந்துச்சு. 2024 டிசம்பர்ல திரும்ப மாத்தி, 2025லேர்ந்து பொறப்புல பொண்ணு, இல்லாட்டி ஆண் பருவம் வர்றதுக்கு முன்னாடியே மாறினவங்கதான்னு சொல்லிட்டாங்க.

புது ரூல்லயும் நியாயம் இருக்குப்பா, டிரைவர்ங்கிற நீளமான மட்டைய எடுத்து தூரமா அடிக்கிறப்ப ஹைட்டு, கை நீளம்லாம் பேசும், பருவத்துல வளர்ந்த எலும்ப ஹார்மோன் மாத்திரை சுருக்காது. ஆனா குழி இருக்கிற கிரீனுக்கு வந்துட்டா அந்த பலம்லாம் வேலைக்கு ஆவாது, பந்த குழிக்குள்ள மெல்ல தட்டுற பட்டிங் நம்ம கேரம் மாதிரிதான், கையும் கண்ணும். அதுவுமில்லாம நம்ம ஏரியாவுல எந்த திருநங்கைக்கு பருவத்துக்கு முன்னாடியே மருந்து கெடைக்குது, சொல்லு? எனக்கு அந்த 2010 ரூல்தான், டிஸ்டன்ஸ் மேட்டர்ல மட்டும் இன்னும் ஒதைக்குது.