பழைய பிஸ்டலுக்கு ராணுவ உபரித் தோட்டா: எது ஒத்துவரும், எது ஆபத்து?

பழைய ராணுவ பிஸ்டல் வைத்திருப்பவர்கள், ராணுவம் தனக்கு மிஞ்சியது என்று கழித்து விற்ற உபரித் தோட்டாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், முதலில் வரும் கேள்வி "துருப்பிடிக்க வைக்குமா?" என்பதுதான். நான் அதை இரண்டாவதாகத்தான் கேட்பேன். துருவைத் தண்ணீர் விட்டுக் கழுவியே தடுத்துவிடலாம். விரிசல் விட்ட ஃபிரேமை, அதாவது துப்பாக்கியின் உடற்சட்டத்தை, என்ன செய்வது? சேம்பருக்குள் (குழலில் தோட்டா உட்காரும் அறை) தோட்டா பாந்தமாக உட்காருகிறது என்பதற்காக அது அந்த பிஸ்டலுக்கானது ஆகிவிடாது. எந்த ஆயுதத்தை மனதில் வைத்து அதில் வெடிமருந்து ஏற்றினார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் .45 அங்குல பிஸ்டல் தோட்டாவான .45 ஏசிபிக்கு முதலிடம். 230 கிரெய்ன் (சுமார் 15 கிராம்) குண்டு, நொடிக்குச் சுமார் 830 அடி வேகம். 1911 பிஸ்டலுக்கும் பிஸ்டல் தோட்டாவைத் தொடர்ச்சியாகச் சுடும் தாம்சன் சப்மெஷின் கன்னுக்கும் அமெரிக்க ராணுவம் இதே தோட்டாவைத்தான் கொடுத்தது. அழுத்தமும் மிதமானது: உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு; 9 மி.மீ.க்கு அது 35,000. இரண்டாம் உலகப்போர்க்காலச் சரக்கு துருவேற்றும். 1950களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய அமெரிக்கச் சரக்கில் அந்தத் தொல்லை இல்லை. தோட்டாவின் அடியில் உள்ள முத்திரையில் ஆண்டின் கடைசி இலக்கங்கள் இருக்கும், அதைப் பார்த்தால் போதும். முதல் உலகப்போர்க்கால 1911 என்றால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்; அதன் ஸ்லைடு (சுடும்போது பின்னால் நகரும் மேல்பாகம்) பிற்காலத்தவற்றைவிட மென்மையான எஃகு.

.45இல் ஒரு பொறியும் உண்டு. பிரிட்டிஷ் .455 வெப்ளி ரிவால்வர்கள் பலவற்றின் சிலிண்டரைப் பின்பக்கம் இழைத்து, .45 ஏசிபி போடும்படி மாற்றி விற்றார்கள். தோட்டா அழகாக உள்ளே போகும். ஆனால் .455இன் அழுத்தம் இதைவிட வெகு குறைவு. ராணுவ .45ஐ அதில் சுடுவது, ஆலையில் ஒரே ஒரு முறை சோதனைக்காகச் சுடும் மிகையழுத்தத் தோட்டாவை ஒவ்வொரு முறையும் சுடுவதற்குச் சமம். பல வெப்ளிகள் தாங்கியிருக்கின்றன, சில வெடித்திருக்கின்றன. நான் போடமாட்டேன்.

9 மி.மீ.தான் உண்மையில் சிக்கலான இடம். விலையும் மலிவு, கிடைப்பதும் எளிது. ஆனால் போருக்குப் பிந்தைய ராணுவ 9 மி.மீ.யில் கணிசமான பகுதி சப்மெஷின் கன்னுக்காகச் செய்யப்பட்டது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் கனமான போல்ட்டைத் தள்ள வேண்டும் என்பதால் மருந்தைத் தாராளமாகவே போட்டிருப்பார்கள். ஸ்டென் சப்மெஷின் கன்னை மனதில் வைத்த பிரிட்டிஷ் மார்க் 2 இசட், ஸ்வீடனின் தடித்த எஃகு உறை போட்ட எம்/39பி, கருப்பு முனையோடு வந்த இஸ்ரேலிய கார்பைன் தோட்டா எல்லாம் இந்தக் கணக்கு. ஜெர்மன் பிஸ்டலான லூகர் பி08இன் டாகிள் இயக்கம் (முழங்கால்போல் மடங்கித் திறப்பது) குறிப்பிட்ட விசைக்கு அளந்து வைத்தது. பலம் குறைந்தால் சிக்கும், கூடினால் பாகங்கள் அடி வாங்கும். போர்க்கால ஜெர்மன் சரக்கில் ஈயத்தை மிச்சப்படுத்த இரும்பு உள்ளீடு வைத்த கருப்புக் குண்டுகளும் உண்டு. அவை இன்று சேகரிப்பாளர் அலமாரிக்கே பொருத்தம்.

அதைவிட மோசமானது இத்தாலியின் கிளிசென்டி 1910 பிஸ்டல். அதன் 9 மி.மீ. தோட்டா வெளிப்பார்வைக்கு 9 மி.மீ. பாரபெல்லமேதான் (இதுவரை சொன்ன வழக்கமான 9 மி.மீ.), உள்ளே மருந்து மட்டும் குறைவு. துப்பாக்கியோ இடப்பக்க ஃபிரேமே தனித் தகடாகக் கழன்று வரும் பலவீனமான அமைப்பு. இதற்கு எந்த நாட்டு உபரி 9 மி.மீ.யும் வேண்டாம், நல்லதோ கெட்டதோ.

7.62x25 டோக்கரேவுக்கு வருவோம். சோவியத் பிஸ்டலான டிடி-33 வைத்திருப்பவருக்கு உபரித் தோட்டா வரப்பிரசாதம். ஆயுதமும் தோட்டாவும் ஒரே குடும்பம், பிஸ்டல் முரட்டுத்தனமானது. சிக்கல் பழைய ஜெர்மன் பிஸ்டலான மவுசர் சி96 வைத்திருப்பவருக்கு. 1896இல் வந்த அதன் 7.63 மவுசர் தோட்டாவிலிருந்துதான் டோக்கரேவ் பிறந்தது. அளவு ஏறக்குறைய ஒன்று, அழுத்தம் கூடுதல். சி96இல் போல்ட் பின்னால் பறக்காமல் பிடித்து வைப்பது ஒரு சிறிய தடுப்புத் துண்டு. அது உடைந்தால் போல்ட் சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். நூறு வயதை நெருங்கும் எஃகை நம்பி அந்தச் சோதனையைச் செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. தோட்டா மாறிவிடும் என்ற பயம் அன்றே இருந்தது. முதல் உலகப்போரில் 9 மி.மீ.க்காகச் செய்த சி96களின் கைப்பிடியில் பெரிய சிவப்பு 9 செதுக்கி வைத்தார்கள்.

சரி, துரு. பழைய பிரைமரில் (அடியில் தட்டியதும் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்தால் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும்; சமையல் உப்பின் உறவுக்காரன். காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலை அரிக்கும். எண்ணெய் இதைக் கரைக்காது, தண்ணீர் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீர், சோப்பு, பிறகு நன்றாகத் துடைத்து எண்ணெய். பெட்டியில் "துருவேற்றாதது" என்று எழுதியிருந்தாலும், பழைய சரக்கென்றால் கழுவிவிடுவது நல்லது.

பெட்டியின் தேதியைவிட அது எங்கே கிடந்தது என்பது முக்கியம். முத்திரை உடையாத டின்னில் குளிர்ச்சியாக இருந்த 1950களின் தோட்டா, வெயில் கொட்டகையில் கிடந்த 1980களின் தோட்டாவைவிட நம்பகமானது. வெப்பம் மருந்தைச் சிதைக்கும், அமில வாடை வரும். தோட்டாவின் பித்தளை உறையின் கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் சுடாமல் ஒதுக்கிவிடுங்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயத்தருகே வைத்த தோட்டாக்கள் அப்படித்தான் விரிசல் விட்டன, காரணம் லாயத்திலிருந்து வந்த அம்மோனியா. பச்சை பிடித்தது, பள்ளம் விழுந்தது, உதிரியாகப் பையில் அள்ளி விற்பது எதையும் நான் வாங்கமாட்டேன்.

புதிய வணிகத் தோட்டா விலை கூடுதல்தான். ஆனால் சி96க்கு 7.63 மவுசர் என்றே குறித்த தோட்டா இன்றும் தயாராகிறது, ஃபியோக்கி நிறுவனம் செய்கிறது. லூகருக்கு சாதாரண 115 அல்லது 124 கிரெய்ன். '+பி' (வழக்கத்தைவிட அழுத்தம் கூடியது) என்று போட்டிருந்தால் வேண்டாம். எதைப் போட்டாலும் முதலில் பின்னுதைப்பைத் தாங்கும் ரிகாயில் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். சத்தம் கம்மியாக வந்தால் அடுத்ததைச் சுடாமல் இறக்கிவிட்டு, குழலுக்குள் குண்டு நின்றிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிகர் இழுத்தும் வெடிக்காவிட்டால் முப்பது நொடி இலக்கை நோக்கியே பிடித்திருந்து, அப்புறம் வெளியே எடுங்கள். பழைய பிரைமர் சில சமயம் தாமதித்து வெடிக்கும்.