ஓட்டப் பந்தயமும் சேலை கட்டிய மாலையும்: எந்தத் தூரம் ஒத்துவரும்?

என்னைப் போலச் சில மாலைகளில் பெண்ணுடை உடுத்தும் ஆண், வட சென்னையில் குடியிருந்துகொண்டு பந்தயங்களிலும் ஓட வேண்டும், அவ்வப்போது சேலை கட்டித் தோழிகளோடு வெளியே போகவும் வேண்டும் என்றால் முதல் சிக்கல் பருவம். இங்கே ஓடத் தோதான மாதங்கள் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. ஃபவுண்டேஷன் வழியாமல் நிற்பதும் விக்குக்குள் தலை வேகாமல் இருப்பதும் அதே மூன்று மாதங்களில்தான். மே மாதத்தில் இரண்டுமே பாடு. ஐப்பசி மழையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் தண்ணீர் நின்றுவிட்டால் ஷூவும் வேண்டாம், சேலையும் வேண்டாம். ஆக, சண்டையெல்லாம் அந்தக் குளிர்கால சனி, ஞாயிறுகளுக்காகத்தான். ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 10, 21.1, 32, 42.2 கி.மீ. என்று நான்கு தூரங்கள் உண்டு. எதற்குப் பணம் கட்டுகிறோமோ, அதுவே நமக்கு எத்தனை மாலைகள் மிஞ்சும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

முழு மாரத்தானைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நான்கு மாதப் பயிற்சி, வார இறுதியில் 25, 30 கி.மீ. ஓட்டம், சனிக்கிழமை ஒன்பது மணிக்கே படுக்கை. எங்கள் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் விடியும் முன்பே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிடும். அதை ஒட்டி 30 கி.மீ. ஓடச் சொல்லி யாருக்கும் நான் யோசனை சொல்ல மாட்டேன். தண்டையார்பேட்டையிலிருந்து மெரினா வரை போய் ஓடிவிட்டுத் திரும்பினால் ஞாயிறு பாதி போய்விடும். அந்தப் பருவத்தில் சேலை பீரோவிலேயே இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் 42-க்குப் பதிவு செய்ய வேண்டும். 32-க்கும் இதே கதைதான்.

அரை மாரத்தான்தான் (21.1 கி.மீ.) ஆசை காட்டும். இரண்டையும் சமாளித்துவிடலாம் என்று தோன்றும். சனி மாலை வெளியே போய்விட்டு ஞாயிறு காலை 16 கி.மீ. ஓடினால் என்ன? நேரக் கணக்குப்படி முடியும். உடம்புக் கணக்குப்படி முடியாது. காரணம் தண்ணீர்.

இது அனுபவப்பட்டவர்களுக்கு உடனே புரியும். சேலையில் இருக்கும்போது கழிவறை பெரிய பிரச்சினை. ஆண்கள் பக்கம் போனால் ஆபத்து, பெண்கள் பக்கம் போக என் மனசாட்சி இடம் தராது. அதனால் மதியம் மூன்று மணியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வோம். தோழிகள் மோர் வாங்கினால் ஒரு வாய், அவ்வளவுதான். விக், பிளவுஸ், உள்பாவாடை, ஐந்தரை மீட்டர் சேலை எல்லாவற்றுக்குள்ளும் ஆறு மணி நேரம் வேர்வை வேறு. மறுநாள் விடியற்காலை சென்னைப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய உடம்பு முந்தைய நாளே வற்றிப் போயிருக்கும். படுக்கும்போது ஒரு லிட்டர் குடித்து அதை ஈடுகட்ட முடியாது. தலைவலி, மயக்கம் எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன. அரை மாரத்தான் ஓடுகிறவர்கள் ஒரு வாரம் ஓட்டம், மறு வாரம் சேலை என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்வதே நல்லது.

அடுத்தது தோல். சனிக்கிழமை முகத்தையும் கையையும் ஒட்டச் சிரைத்து, ஞாயிறு வேர்வையில் ஓடினால் உப்பு பட்டு எரியும். வேக்ஸிங் செய்தால் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் ஓடாமல் இருங்கள். இல்லாவிட்டால் மயிர்க்கால்களில் பொரிப் பொரியாகக் கிளம்பும். கண் மையும் அப்படியே. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு எவ்வளவு துடைத்தாலும் இமையோரம் கொஞ்சம் தங்கிவிடும், ஓடும்போது கண்ணுக்குள் இறங்கும். ஹீல்ஸ் வேண்டவே வேண்டாம். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கெண்டைக்கால் ஏற்கெனவே இறுகியிருக்கும், குதிகால் தசைநாண் தாங்காது. சேலைக்குத் தட்டைச் செருப்பே போதும், எடுப்பாகவும் இருக்கிறது.

ஓட்டம் நமக்குக் கொடுப்பதையும் சொல்ல வேண்டும். காலில் ரோமம் இல்லையே என்று யாராவது கேட்டால், ஓடுகிறவன், சைக்கிள் மிதிக்கிறவன் என்றதும் பேச்சு முடிந்துவிடும். ஷூ இடித்துக் கறுத்துப்போன பெருவிரல் நகத்தின் மேல் மெரூன் நெயில் பாலிஷ் அழகாக உட்காரும். பந்தய எண் அட்டையோடு தரும் நான்கு ஊக்குகளை நான் தூக்கிப் போடுவதே இல்லை. முந்தானை மடிப்புக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, கொசுவத்துக்கு ஒன்று போக ஒன்று கைப்பையில் இருக்கும்.

பந்தயத்தில் என்னை உண்மையிலேயே யோசிக்க வைப்பது, எல்லாம் ஊருக்கே தெரிந்துவிடுவது. ஓடி முடித்த அன்றே பெயர், பாலினம், வயதுப் பிரிவு, நேரம் எல்லாம் இணையத்தில். எண்ணைத் தட்டினால் படங்கள், சில இடங்களில் முகத்தைக் காட்டினாலே படங்கள். தெருவிலும் அப்படித்தான். விடியற்காலையில் டீக்கடை அண்ணன் "இன்னா தம்பி, இன்னிக்கு எவ்ளோ தூரம்?" என்று கேட்பார். எனக்கு அது சந்தோஷம். ஆனால் சேலை கட்டிய மாலைக்கு இதற்கு நேர்மாறான ஏற்பாடு வேண்டும்: பெரம்பூரில் தோழி வீட்டில் உடை மாற்றுவது, தெரிந்த முகம் இல்லாத பாதை, மெட்ரோவில் பொதுப்பெட்டி. எனவே பந்தயத்தில் தொப்பியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அதே கண்ணாடியை மாலையில் போடாதீர்கள்.

பயப்படுவது சட்டத்துக்காக அல்ல. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவது அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் கருத்துரிமைக்குள் வரும் என்றது. அது திருநர்களின் வழக்கு. நான் திருநங்கை அல்ல, சில மாலைகளில் பெண்ணுடை உடுத்தும் ஆண். ஆனாலும் அந்த வரிகள் எனக்கும் தெம்பு தருகின்றன. பயமெல்லாம் அம்மாவின் காதுக்கு யார் வழியாக, எந்த வார்த்தையில் போய்ச் சேரும் என்பதுதான்.

இரண்டையும் ஒன்றாக்கி, சேலையிலேயே ஓடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பெண்கள் சேலையில் ஓடுவது அருமையான விஷயம். ஆண் ஓடினால் பார்க்கிறவர்களுக்கு அது மாறுவேடப் போட்டி. எனக்குச் சேலை வேடிக்கைப் பொருள் இல்லை, அதனால் நான் ஓட மாட்டேன். எதை உடுத்தினாலும் பதிவு ஆண்கள் பிரிவில்தான். பெண்கள் பிரிவின் இடமும் பரிசும் பெண்களுக்கு உரியவை.

ஆகவே என் ஓட்டு 10 கி.மீ.க்கு. வாரத்தில் மூன்று நாள் ராயபுரம், காசிமேடு பக்கம் ஒரு மணி நேர ஓட்டம், ஞாயிறு 12 கி.மீ. சனி மாலையை விட்டுவிட்டு, வெளியே போவதை ஞாயிறு மாலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காலையில் ஓடி, வேண்டிய மட்டும் குடித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து கிளம்பினால் உடம்பு ஒத்துழைக்கும். மண்ணடியில் மெட்ரோ இறங்கி சௌகார்பேட்டைக்குள் நடந்தால், வளையல் கடை அம்மா கையைப் பிடித்துப் பார்த்து "உனக்கு ரெண்டு பத்து சைஸ் வேணும்மா" என்று இரண்டு டஜன் எடுத்துப் போடுவார். அந்த 'அம்மா'வுக்காகவே ஒரு வாரம் முழுக்க ஓடலாம். திங்கள் காலை அலுவலகம் இருப்பதால் இரவே நெயில் பாலிஷைக் கலைக்க வேண்டும், ரிமூவர் பாட்டிலைத் தோழி வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.