மணி மட்டும் இல்லாதிருந்தால்: 25 நிமிட டைமருடன் சில ஆண்டுகள்

ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கும் தோழி ஒருவர், என் மேசைமேல் இருக்கும், கையால் முறுக்கிவிடும் டைமரைப் போல ஒன்று தானும் வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். அவர் கேட்ட நேரத்தில் அந்த டைமர் பழைய வண்ணாரப்பேட்டையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் இருந்தது. இப்போது அது வீடு திரும்பிவிட்டது. எனக்கு அதன்மேல் உள்ள மதிப்பும் கோபமும் ஒன்றாகத் திரும்பியிருக்கின்றன.

பகலில் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். விடியற்காலையில் சிறுவர் கதைகள் எழுதுகிறேன். இரண்டும் இராயபுரத்து வீட்டின் முன்னறையில், ஒரே மேசையில் நடக்கின்றன. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் கால் மணி முதல் அரை மணி வரை நீண்ட ஓய்வு என்ற முறையை அநேகமாக எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, படிப்பில் மனம் ஒன்றாமல் தவித்தபோது தக்காளி வடிவச் சமையலறை டைமரை முறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில் பிறந்த முறை அது. கைப்பேசியிலேயே இதைச் செய்யலாமே என்பவர்களுக்கு என் பதில், கைப்பேசியைத் தொட்டால் பதிப்பகங்களின் வாட்ஸ்அப் குழுக்களும் சேர்ந்து வரும் என்பதுதான். முறுக்கு டைமருக்கு மின்கலமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். திருகைப் பிடித்துத் திருப்பிய கணத்திலேயே வேலை தொடங்கிவிட்டதாக மனம் ஒப்புக்கொள்கிறது. உற்சாகம் வரட்டும், பிறகு உட்காரலாம் என்று காத்திருந்த பழக்கத்தை என்னிடமிருந்து அடியோடு போக்கியது இந்தத் திருப்பல்தான்.

மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான துணையை நான் கண்டதில்லை. ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மார்கழி வாரங்களில் கட்டுக்கட்டாகத் தாள்கள் வந்து குவியும்போது, கண் எப்போது ஏமாற்றத் தொடங்கும் என்பது தெரிய வேண்டும். முதலில் நழுவுவது ஒற்று. 'எடுத்துக் கொடுத்தாள்' என்பதில் 'க்' விழுந்து போயிருந்தாலும், களைத்த கண் அதைத் தானே போட்டுப் படித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அரை மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் படித்த பக்கங்களை மறுநாள் புரட்டினால் இத்தகைய விடுபடல்கள் வரிசையாகத் தென்படும். 25 நிமிடத்தில் எழுந்து, மொட்டை மாடியில் கடற்காற்றில் நின்று திரும்பிய பிறகு படித்தவற்றில் அவை மிகக் குறைவு. எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல் ஓயாத பகுதியில், டைமரின் டிக் டிக் ஓசை செவியை மேசையோடு கட்டிப்போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

கதை எழுதும்போது இதே டைமர் எனக்குப் பகையாகிவிடுகிறது. காரணம் மணி. காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் பெண்களின் பேச்சொலி தெருவில் கேட்கும் நேரத்தில் நான் எழுத உட்காருவேன். முதல் பத்து நிமிடம் வார்த்தைகளோடு மல்லுக்கட்டுவதிலேயே கழியும். பிறகுதான் ஒரு பாத்திரம் தானாகப் பேசத் தொடங்கும். அது பேச்சின் நடுவில் இருக்கும்போது மணி அலறும். ஒலியைக் குறைக்க வழியில்லை. முன்கூட்டியே பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் அடித்துவிட்டுத்தான் ஓயும். அடிக்கும்போது திருகை மறுபடி முறுக்கினால் நிற்கும், ஆனால் டைமர் மீண்டும் ஓடத் தொடங்கும். அடுத்த அறையில் குழந்தை விழித்துக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அக்கா, "காலங்காத்தால உங்க ஊட்டுல இன்னா சத்தம்?" என்று கேட்டதற்கு என்னால் இன்றுவரை ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை.

பாதியில் விட்ட வேலைதான் மனதில் நிலைத்து நிற்கும், ஆகவே மணி நல்லதே என்று சிலர் வாதிடுகிறார்கள். உளவியலாளர் ப்ளூமா ஸைகார்னிக் 1927இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. ஆனால் பின்னாளில் அதைச் சோதித்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைத்துவிடவில்லை. என் அனுபவத்தில், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த இடத்தில் நானாக நிறுத்தினால் மறுநாள் எழுத்து எளிதாகத் தொடர்கிறது. மணி வந்து நிறுத்தினால், கதை நினைவில் இருக்கிறது. பாத்திரத்தின் குரல் மட்டும் போய்விடுகிறது. சிறுவர் கதையில் குரல் போனபின் மிஞ்சுவது அறிவுரைதான். அப்படி வறண்டுபோன பக்கங்கள் என்னிடம் நிறையவே இருக்கின்றன, அவற்றை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஓய்வுக்கான 5 நிமிடத்தை நேராக அந்த எண்ணில் வைத்தால் உள்ளிருக்கும் சுருள்வில் போதிய அளவு இறுகாது. சில வேளைகளில் மணி அடிக்காமலே நின்றுவிடும். கடைசி வரை முறுக்கிவிட்டு 5க்குத் திரும்பி வர வேண்டும். இது தெரியாமல் பலர் பொருளையே குறை சொல்லுகிறார்கள், அது நியாயமில்லை.

பழுது உப்புக் காற்றினால் வந்தது. பழுதுபார்ப்பவர் மூடியைத் திறந்து, துருப்பிடித்த சுருள்வில்லையும் சிறு பற்சக்கரங்களையும் வரிசையாகத் தாளில் பரப்பி, ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தார். மணியைக் கழற்றிவிட முடியுமா என்று கேட்டேன். "மணி அடிக்கலன்னா அப்புறம் இது இன்னாத்துக்கும்மா?" என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மணிக்கிண்ணத்தின் உட்புறம் சிறு துணித் துண்டு ஒன்றை ஒட்டித் தந்தார். ஒலி சற்று மங்கியிருக்கிறது. குழந்தை விழிப்பதில்லை, நான் மட்டும் இப்போதும் வாக்கியத்தின் நடுவில் துள்ளி எழுகிறேன்.

அது பழுதில் இருந்த நாள்களில் மெய்ப்பு வேலை தடையில்லாமல் நடந்தது, பிழைகள் கூடின என்றாலும். கதைப் பக்கம்தான் ஒரு வரியும் நகரவில்லை. எந்த டைமரின் மணியை இத்தனை வெறுக்கிறேனோ அந்த டைமரின் டிக் டிக் ஒலி கேட்காமல் காலையில் பேனாவை எடுக்க முடியாத நிலைக்கு வந்திருக்கிறேன். அதனால்தான், இவ்வளவு நற்சான்று கொடுத்த பிறகும், தோழியிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். மேற்கோள்களைச் சரிபார்க்கவும் அடிக்குறிப்பு எழுதவும் மட்டும்தான் என்று அவர் உறுதியாக இருந்தால் வாங்கட்டும். கடையிலேயே ஒருமுறை முழுதாக முறுக்கி, பூஜ்யம் வரை ஓடவிட்டு, மணி எவ்வளவு நேரம் அடிக்கிறது என்று நின்று கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கட்டும்.