நர்சிங் சேரும் முன் ரசீதைப் படியுங்கள்: நெல்லைப் பக்கம் நடக்கிற ஏமாற்று

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரசீது. மேலே பச்சை மையில் ஒரு அறக்கட்டளையின் பெயர். நடுவில் பேனாவால் 'நன்கொடை ரூ. 45,000'. படிப்பின் பெயர் இல்லை, கல்வியாண்டு இல்லை. ரசீது எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. முக்கூடல் பக்கத்து அக்கா ஒருவர் பீடி சுற்றிச் சேர்த்ததையும் ஒரு செயினை அடகு வைத்ததையும் கொடுத்து வாங்கிய காகிதம் அது. இரண்டு வருடத்தில் இதே மாதிரி நான்கு காகிதம் சேர்ந்தது. மொத்தம் 1,60,000 ரூபாய். கடைசியில் கையில் கிடைத்த சான்றிதழில் 'டிப்ளமா இன் நர்சிங் அண்ட் பேஷண்ட் கேர்' என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. அதைக் கொண்டுபோய் எந்த நர்சிங் கவுன்சிலிலும் பதிய முடியாது. அதாவது சட்டப்படி அவர் நர்ஸ் இல்லை.

எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பெயர்ப்பலகை வருடத்துக்கு ஒருமுறை மாறும், முறை மாறாது. கல்யாணம், குழந்தை என்று பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் திரும்பப் படிக்க வருகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். ப்ளஸ் டூ முடித்த கையோடு வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்வார், கூடப் படித்தவள் சொல்வாள். முப்பது வயதில் வருகிறவருக்குச் சொல்ல ஆளில்லை. வெளியே கேட்கவும் ஒரு கூச்சம். அந்தக் கூச்சம் ஏஜென்டுக்கு நன்றாகத் தெரியும். "யக்கா, வயசெல்லாம் ஒரு பிரச்சினையே இல்ல. நாப்பது வயசு அக்காவே நம்மகிட்ட படிக்காவ. அட்டென்டன்ஸ நாங்க பாத்துக்கிடுதோம்" என்பான். அந்த மூன்று வாக்கியமும் மூன்று பொறி.

முதலில் வயது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங்குக்கு, சேருகிற வருடத்தின் டிசம்பர் 31 அன்று குறைந்தது 17 வயது ஆகியிருக்க வேண்டும். உச்ச வரம்பு 35. வயது பிரச்சினையே இல்லை என்று ஒருவன் சொன்னால், அவன் விற்கிற படிப்பு கவுன்சில் படிப்பு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது பாடம். பி.எஸ்சி.க்கு ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40. காமர்ஸ் குரூப் படித்துவிட்டு நேரே பி.எஸ்சி. நர்சிங் என்பது நடக்காத காரியம். ஜி.என்.எம். (பொது நர்சிங், மருத்துவச்சிப் படிப்பு) டிப்ளமாவுக்கு வேறு குரூப் படித்தவர்களையும் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. ஆனால் அரசு நர்சிங் பள்ளிகளில் எந்த குரூப் கேட்கிறார்கள் என்பதை அந்தந்த வருட விளக்கக் குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நர்ஸ் ஆக உண்மையில் இருக்கிற வழிகள் கைவிரலுக்குள் அடங்கும். ஏ.என்.எம். (துணை நர்ஸ், மருத்துவச்சிப் படிப்பு) 2 வருடம். ஜி.என்.எம். 3 வருடம். பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம், இப்போது 8 செமஸ்டர். ஜி.என்.எம். முடித்துக் கவுன்சிலில் பதிந்தவர்களுக்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., கல்லூரிக்குப் போய்ப் படித்தால் 2 வருடம் முழுநேரம். அவ்வளவுதான். 'ஹெல்த் அசிஸ்டென்ட்', 'நர்சிங் அசிஸ்டென்ட்', 'பேஷண்ட் கேர்' என்று ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் வருகிறவை எல்லாமே மோசடி என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலைக்கு அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலேயே படிப்பு இருக்கிறது, அதை அந்தப் பெயரில் படித்தால் தப்பில்லை. உதவியாளர் படிப்பை நர்ஸ் படிப்பு என்று சொல்லி, நர்ஸ் படிப்புக்கான ஃபீஸை வாங்குவதுதான் களவாணித்தனம்.

ஆகவே கட்டடத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். படித்து முடித்ததும் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு எண் கிடைக்க வேண்டும். அது இருந்தால்தான் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் அரசு வேலைக்கு மனுப் போட முடியும், ஒழுங்கான தனியார் ஆஸ்பத்திரியும் எடுக்கும். வளைகுடா நாட்டுக்குப் போக நினைத்தால் இன்னும் கறார்: சான்றிதழைச் சரிபார்க்கிற நிறுவனம் உங்களை விட்டுவிட்டு நேரே கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் எழுதிக் கேட்கும். சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: "இந்தப் படிப்பை முடித்தால் எந்தக் கவுன்சிலில், என்னவாகப் பதிவார்கள்?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்கள்.

அதற்குப் பதிலாக ஒரு கோப்பை எடுத்துக் காட்டுவார்கள். அதில் என்னென்ன இருக்கும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அறக்கட்டளைப் பதிவுப் பத்திரம் ஒன்று: ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. ஐ.எஸ்.ஓ. 9001 சான்று ஒன்று: அது நிர்வாக முறைக்கானது, நட்டு போல்ட்டு செய்கிற பட்டறைக்கும் கிடைக்கும். 'இந்திய அரசு' முத்திரையோடு உத்யம் பதிவு ஒன்று: அது சிறுதொழில் பதிவு, வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் எடுக்கலாம். 'அரசு அங்கீகாரம்' என்று போஸ்டரில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் இதை வைத்துத்தான். இது போக, ஏதாவது கலை அறிவியல் பல்கலைக்கழகத்தின் டிப்ளமா கடிதமும் இருக்கலாம். நர்சிங் பதிவுக்கு அது உதவாது.

பார்க்க வேண்டியவை வேறு. பி.எஸ்சி. என்றால், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தவிர்த்து, கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்க வேண்டும். ஜி.என்.எம்., ஏ.என்.எம். என்றால் மாநிலக் கவுன்சிலின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளத்திலும் மாநிலம், படிப்பு வாரியாகத் தேடலாம். தேடும்போது மூன்று விஷயத்தில் கண் வையுங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா? 'ஸ்கூல் ஆஃப் நர்சிங்', 'காலேஜ் ஆஃப் நர்சிங்', 'இன்ஸ்டிடியூட் ஆஃப் நர்சிங்' என்று ஒரே சாமி பெயரில் மூன்று ஊரில் மூன்று இருக்கும், ஆகவே ஊரையும் பின்கோடையும் சேர்த்துப் பாருங்கள். எந்தப் படிப்புக்கு அனுமதி? ஜி.என்.எம்.முக்கு அனுமதி வாங்கிவிட்டு பி.எஸ்சி. பலகை மாட்டுவது வழக்கமான வேலை. எந்த வருடத்துக்கு, எத்தனை இடம்?

இந்த இடக் கணக்கில்தான் உண்மையான, அனுமதி உள்ள கல்லூரியிலேயே ஆட்கள் மாட்டுகிறார்கள். 40 இடத்துக்கு அனுமதி, உள்ளே 65 பேர். முதல் 40 பேரின் பெயர் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். மிச்சம் 25 பேர் அதே யூனிஃபார்மில் அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள், ஃபீஸும் கட்டுவார்கள். பரீட்சை நெருங்கும்போதுதான் ஹால் டிக்கெட் வரவில்லை என்பது தெரியும். "அடுத்த பேட்ச்சில போட்டுத் தாரோம்" என்பார்கள், ஒரு வருடம் போச்சு. இதற்கு ஒரே காப்பு, சேர்ந்த சில வாரத்தில் பல்கலைக்கழகப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிவிடுவது. கல்லூரியே போட்டுக் கொடுத்த அட்மிஷன் நம்பர் பதிவு எண் ஆகாது. இரண்டாவது தவணை கட்டுவதற்கு முன் அந்த எண் கையில் இருக்க வேண்டும்.

அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இந்தப் பயம் வெகுவாகக் குறையும். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது, அதற்கு நீட் கிடையாது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு (செலக்‌ஷன் கமிட்டி) மனு வாங்கித் தரவரிசை போட்டு, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்தையும் சேர்த்தே நிரப்புகிறது. பழைய மதிப்பெண் குறைவு, கிடைக்காது என்று நினைத்து மனுவே போடாமல் ஏஜென்டிடம் போகிறவர்கள் ஏராளம். போட்டுப் பாருங்கள்.

அட்டென்டன்ஸுக்கு வருவோம், ஏனென்றால் வீட்டையும் பார்த்துக்கொண்டு படிக்க வருகிறவருக்கு இதுதான் நிஜமான கஷ்டம். பரீட்சை எழுத ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிக்கலுக்கும் 80 சதவீதம் வேண்டும், லீவு எந்தக் காரணத்துக்கு எடுத்திருந்தாலும் சரி. டிகிரி கைக்கு வர ஒவ்வொரு பிராக்டிக்கல் பிரிவிலும் 100 சதவீதம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று விட்ட வார்டு நாளைத் திரும்பப் போய் முடித்தே ஆக வேண்டும். வார்டு டூட்டி விடிகாலையில் தொடங்கும். திசையன்விளையிலிருந்தோ கடையத்திலிருந்தோ பஸ் ஏறிப் பாளையங்கோட்டை வந்து சேர முடியுமா, ஹாஸ்டல்தானா, குழந்தை யாரிடம் என்பதை ஃபீஸ் பேசுவதற்கு முன் வீட்டில் பேசி முடியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும், தபாலில் படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் பெங்களூர் போய்வரலாம் என்கிற நாலு வருட பி.எஸ்சி. நர்சிங் எதுவும் கிடையாது.

வெளிமாநிலத்தில் நியாயமாகவே போய்ப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முடித்ததும் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிந்து, பிறகுதான் தமிழ்நாட்டுக் கவுன்சிலுக்கு மாற்ற முடியும். அங்கே பதிய முடியாத கல்லூரி என்றால் இங்கேயும் கதவு அடைப்புத்தான்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் லேப் பொம்மையையும் ஏ.சி. ஹாலையும் காட்டுவார்கள். பாதகமில்லை, பாருங்கள். அப்புறம் மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளை ஒன்றைத் தனியாகப் பிடித்து, "இந்த வாரம் எந்த வார்டு போஸ்டிங், தாயி?" என்று கேளுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியோ வேறு பெரிய ஆஸ்பத்திரியோ, பதில் பட்டென்று வந்தால் நல்லது. திணறினாலோ, இருபது படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமையே மூன்று வருடமாகச் சொன்னாலோ, வந்த வழியே திரும்பிவிடலாம். வார்டில் செய்த வேலையைப் பதிகிற கேஸ் புத்தகத்தைப் பார்க்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரசவம், ஊசி, டிரெஸ்ஸிங் என்று ஒவ்வொன்றுக்கும் தேதி வேறாகவும் கையெழுத்து வேறாகவும் மை வேறாகவும் இருக்கும். ஒரே நீல மையில், ஒரே சாய்வில், நாற்பது கையெழுத்து வரிசையாக நின்றால் அது ஒரு ராத்திரியில் போட்டது.

பணம். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், கல்லூரிப் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், குறிப்பில் படிப்பையும் வருடத்தையும் எழுதுங்கள். கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போய்க் கேளுங்கள், கடன் வேண்டாம் என்றாலும் கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பென்றால் மேனேஜர் முதல் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார், காசில்லாத சோதனை அது. அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், அவர்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: ஏஜென்டோடு இனிமேல் போனில் பேசாதீர்கள், வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள், பதிலைப் படம் பிடித்து வையுங்கள். போஸ்டர், நோட்டீஸ், ஐடி கார்டு எதையும் கிழித்துப் போடாதீர்கள். கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து எண் வாங்குங்கள், மாநிலக் கவுன்சிலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். போலீஸ் புகார் மோசடிப் பிரிவில் வரும். 2024 ஜூலை 1-க்குப் பின் நடந்தது என்றால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 318-ஆம் பிரிவு, அதற்கு முன் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. கல்வி எப்படிச் சேவையாகும் என்று எதிர்த்தரப்பு கேட்கும். அங்கீகாரம் இருப்பதாகப் பொய் விளம்பரம் செய்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி வழக்கில் அது சேவைக் குறைபாடுதான் என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

முக்கூடல் அக்காவின் நான்கு ரசீதிலும் 'நன்கொடை' என்றுதான் இருக்கிறது. கடைசித் தவணையில் 8,000 ரூபாய் மட்டும் ஜிபேயில் போனது, அதன் குறிப்பில் 'நர்சிங் இரண்டாம் வருட ஃபீஸ்' என்று அவர் மகள் டைப் செய்திருந்தாள். கொடுத்த 1,60,000-ல் இப்போது சாட்சி சொல்ல நிற்பது அந்த எட்டாயிரம்தான்.