கேதார்காந்தா குளிருக்கு: கழுதை முதுகில் எது, நம் முதுகில் எது?

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னை, கோவை, பெங்களூர் ட்ரெக்கிங் வாட்ஸ்அப் குழுக்களில் கேதார்காந்தா பேச்சுதான். உத்தரகாண்டின் உத்தரகாசி மாவட்டத்தில், சாங்க்ரி கிராமத்திலிருந்து ஏறிப் போகும் 12,500 அடிச் சிகரம். பனியில் முதன்முதலாகக் கால் வைப்பவர்களுக்கு ஏற்ற மலை என்று பெயர் வாங்கியது. பகல் நடையைப் பொறுத்தவரை அது நியாயமான பெயர்தான். இரவு வேறு கதை. ஜனவரியில் முகாமில் மைனஸ் 8, மைனஸ் 10 வரை இறங்குவது சாதாரணம். ஊட்டியில் புல்வெளி உறைபனியைப் பார்த்த அனுபவம் இங்கே கைகொடுக்காது.

என்னென்ன எடுத்து வர வேண்டும் என்ற பட்டியலை எல்லா ட்ரெக் கம்பெனியும் அனுப்பிவிடும். ஒரே வேலைக்கு இரண்டு பொருள் இருக்கும்போது எதை எடுப்பது, எடுத்ததை எந்தப் பையில் போடுவது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நம்மில் பலர் பெரிய பையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிட்டுச் சின்னப் பையோடு நடப்பவர்கள். "அண்ணா, காசு குடுத்தா கழுதை தூக்கிட்டு வந்துரும்ல, நாம எதுக்குச் சுமக்கணும்?" என்று கேட்காத தம்பி இல்லை. கேட்பதில் தப்பில்லை. ஆனால் கழுதை அதன் வேகத்தில் முகாமுக்குப் போய்விடும். நடுவழியில் வானிலை மாறினால் உங்கள் கனத்த ஜாக்கெட் எங்கோ மேலே இருக்கும், நீங்கள் கீழே நடுங்கிக்கொண்டிருப்பீர்கள். உச்சிக்கு ஏறும் நாள் இன்னும் மோசம். விடியற்காலை இரண்டு, மூன்று மணிக்கே இருட்டில் கிளம்புவார்கள். பெரிய பை முகாமிலேயே கிடக்கும்.

2024 ஜூனில் இதே உத்தரகாசி மாவட்டத்தில், சஹஸ்ர தால் ஏரிப் பாதையில் 22 பேர் கொண்ட குழு ஒன்று முகாமுக்குத் திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அது நடந்தது கோடையில். அவர்களிடம் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார். ஆனால் முகாமுக்கும் நமக்கும் நடுவே ஓர் இரவு வந்து உட்கார்ந்துகொள்ள முடியும் என்பது அதில் தெளிவு.

ஆகவே இங்கே வரும் ஜோடிகளில் நன்றாக வேலை செய்யும்போது எது உசத்தி என்று நான் பார்க்கவில்லை. நனைந்தால், கிழிந்தால், பேட்டரி செத்தால், விரல் மரத்துப்போனால் எது நிற்கும் என்று பார்க்கிறேன்.

ஸ்லீப்பிங் பேக்: டவுனா, சிந்தெடிக்கா

டவுன் என்பது வாத்தின் மென்தூவி. அதே கதகதப்புக்குச் செயற்கை இழை அடைத்த சிந்தெடிக்கை விட எடை குறைவு, அமுக்கினால் சின்ன உருண்டையாகிவிடும். கடையில் இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தால் யாருக்கும் டவுன் மீதுதான் மனசு போகும். சிக்கல் என்னவென்றால், தூவி தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஈரம் பட்டால் இழைகள் ஒட்டிக் கட்டியாகும். காற்று போய்விட்டால் சூடும் போயிற்று.

ஈரத்துக்கு மழை பெய்ய வேண்டியதில்லை. மூன்று பேர் படுத்த கூடாரத்தில் இரவு முழுக்க விட்ட மூச்சு, உள்பக்கத் துணியில் வெண்பொடியாக உறைந்து ஒட்டியிருக்கும். விடியற்காலையில் ஒருவர் எழுந்து கூடார ஜிப்பை இழுத்தால் அத்தனையும் மற்ற இருவர் மேலும் உதிரும். முகத்தில் விழுவது தூக்கத்தைக் கெடுக்கும். பேக் மேல் விழுவது உருகி உள்ளே இறங்கும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம் இரவில் கால்மாட்டுப் பக்கத்தைத் தடவிப் பார்த்தால் புசுபுசுவென்று இருந்த அறைகள் தட்டையாகக் கிடக்கும்.

சிந்தெடிக் கனம்தான். இந்தக் குளிருக்குத் தாங்கும் பேக் இரண்டு கிலோவைத் தொடும், தாண்டவும் செய்யும். ஆனால் நனைந்தாலும் பாதிக்கு மேல் உயிர் இருக்கும், வெயிலில் விரித்தால் சீக்கிரம் காயும். கேதார்காந்தாவுக்கு நான் சொல்வது சிந்தெடிக்தான். டவுனின் பெரிய பலம் எடை. கழுதை சுமக்கிற பையில் அந்தப் பலத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தால் லாபம் கழுதைக்கு. லடாக் மாதிரி வறண்ட குளிருக்கு, முழுச் சுமையையும் தானே தூக்குகிறவர் டவுன் வாங்கட்டும். அங்கே அது தகும்.

சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா என்றால், முதல் பயணத்துக்கு வேண்டாம். கம்பெனி கொடுப்பது போதும், கூட, பேக்குக்குள் உள்ளுறையாகப் போட்டுக்கொள்ளும் ஒரு ஃப்ளீஸ் லைனர் மட்டும் எடுத்துப் போங்கள். பலர் படுத்தெழுந்த பேக் என்பதால் சுத்தத்துக்கும் ஆச்சு, சில டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஆச்சு. கையில் கொடுத்தவுடன், வெளிச்சம் இருக்கும்போதே, ஜிப் அடி வரை ஓடுகிறதா, தலைமூடியின் கயிறு இறுகுகிறதா என்று பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஜிப் பல் விட்டால் ஸ்டோர் கூடாரத்தைத் தேடிப் போக யாருக்கும் தெம்பு இருக்காது.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பேக்கின் மேல் கொட்டை எழுத்தில் மைனஸ் 10 என்றிருந்தால் நம்பிவிட வேண்டாம். ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி சோதித்த பேக்கில் மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது நிம்மதியாகத் தூங்க முடிகிற குளிர். லிமிட் என்பது உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம் என்பது சில மணி நேரம் சாகாமல் இருக்கலாம், விரல்கள் போனாலும் போகலாம் என்கிற குளிர். மலிவு பேக்குகளில் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் மூன்றாவதைத்தான். நாம் பார்க்க வேண்டியது முதலாவதை.

பாய்: காற்றடிப்பதா, ஃபோமா

நல்ல பேக் இருந்தும் குளிர் தாங்கவில்லை என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் குளிர் மேலிருந்து வருவதில்லை. படுத்தவுடன் முதுகுக்கு அடியில் இருக்கும் பேக் நசுங்கிவிடும். பனித்தரை நேரடியாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். இதைத் தடுப்பது பாய் ஒன்றுதான். அதன் திறனை ஆர்-மதிப்பு என்பார்கள். மடித்து எடுத்துப் போகிற சாதாரண ஃபோம் பாய் 2 அளவில் இருக்கும். குளிர்காலத்துக்கென்றே செய்த காற்றடிக்கும் பாய் 5, 6, அதற்கு மேலும் போகும். பனியில் படுக்க 5 பக்கம் இருந்தால் நல்லது.

எண்ணை மட்டும் பார்த்தால் காற்றுப் பாய் ஜெயிக்கும். ஆனால் பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் கிராம்பானின் முனையோ மைக்ரோஸ்பைக்கின் பல்லோ ஒரு தடவை உரசினால் அதன் மதிப்பு பூஜ்யம். மைனஸ் எட்டில் ஓட்டையைத் தேடி ஒட்டுப்போடுவது நடக்கிற காரியமில்லை; பசை பிடிக்காது, விரலும் பிடிக்காது. ஃபோம் பாயைக் கத்தியால் குத்தினாலும் அது பாய்தான். ஆர்-மதிப்பு ஒன்றின்மேல் ஒன்று கூடும் என்பது இதில் வசதி: இரண்டு ஃபோம் பாயை அடுக்கினால் 4. காற்றுப் பாய் வைத்திருப்பவர் அதை விட வேண்டியதில்லை, அடியில் ஒரு ஃபோமைப் போட்டுக்கொள்ளட்டும். ஒரே ஒன்றுதான் முடியும் என்றால் ஃபோம். அதிலிருந்து உட்காரும் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிச் சின்னப் பையின் முதுகுப் பக்கம் செருகிவையுங்கள். வழியில் அசையாமல் காத்திருக்க நேர்ந்தால் அந்தத் துண்டின் அருமை தெரியும்.

அவசர இரவு: வெள்ளிப் போர்வையா, பையா

எல்லாப் பட்டியலிலும் இருக்கும் ஜிகினாப் போர்வை 1960களில் நாசாவின் விண்வெளி வேலையிலிருந்து வந்தது. பாலிஎஸ்டர் தாளில் அலுமினியப் பூச்சு, ஐம்பது அறுபது கிராம்தான், சட்டைப் பையில் அடங்கும், விலையும் குறைவு. உடம்பிலிருந்து கதிராக வெளியேறும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும். அது சரிதான், ஆனால் மலையில் நம்மிடமிருந்து சூட்டைப் பிடுங்குவது பெரும்பாலும் காற்றும், ஈரத் துணியும், உட்கார்ந்திருக்கும் பனியும். அவற்றுக்கு விரித்த போர்வை பதில் சொல்லாது. வீட்டிலேயே ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், முடிந்தால் மொட்டை மாடியில் காற்றடிக்கும்போது. நாலாக எட்டாக மடித்ததைப் பிரிப்பதே பாடு. பிரித்ததும் ஒரு மூலை கையை விட்டுப் படபடக்கும், அதைப் பிடித்தால் இன்னொன்று போகும். ஓரத்தில் நகம் கீறினால் அந்தக் கீறல் சரசரவென்று குறுக்கே ஓடிவிடும். கையுறையோடு, நடுங்கும் விரலோடு, இதை ஒருவரைச் சுற்றிப் போர்த்த வேண்டும் என்று யோசியுங்கள்.

அதே பொருளில், கொஞ்சம் தடிமனாக, மூன்று பக்கமும் மூடிய பையாக விற்கிறார்கள். எமர்ஜென்சி பிவி என்று கேட்டால் கிடைக்கும். எடை நூறு கிராமைச் சற்றே தாண்டும். உள்ளே காலை விட்டு இழுத்துக்கொண்டால் நாலு பக்கமும் காற்று அடைபடும், கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உள்ளே வியர்த்து ஈரமாகும் என்பது குறைதான். ஆனால் ஓர் இரவு உயிரோடு கடக்கவென்றே செய்த பொருளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது. போர்வைக்கும் பைக்கும் எடை வித்தியாசம் ஒரு சின்ன பிஸ்கெட் பாக்கெட் அளவு. இந்த ஜோடியில் எனக்குத் தயக்கமே இல்லை: பைதான், அதுவும் ஆளுக்கொன்று, நம் முதுகில்.

யாருக்கு எப்போது அது தேவை என்று தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. மலையில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க மாட்டோம், ஆளைப் பார்ப்போம். பேச்சு குழறும், சமதரையிலும் கால் தடுக்கும், ஜாக்கெட் ஜிப்பைக்கூடப் போட வராது, "எனக்கு ஒண்ணுமில்ல" என்று எரிச்சலாகச் சொல்வார். அந்த நிலையிலேயே ஈரத்துணியைக் கழற்றி, ஃபோம் துண்டின் மேல் உட்காரவைத்து, காய்ந்த ஜாக்கெட் போட்டுப் பைக்குள் விட வேண்டும். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்கக் கூடாது. குளிர் குறையாமல் நடுக்கம் மட்டும் நின்றால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். சூட்டுக்கு என்று ஒரு மடக்கு பிராந்தி ஊற்றும் வழக்கம் சில குழுக்களில் இன்னும் உண்டு; அது தோலுக்கு ரத்தத்தை வரவழைத்து உள்சூட்டைத்தான் வெளியே தள்ளும்.

உதவிக்கு அழைக்க: சாட்டிலைட் கருவியா, விசிலா

வெளிநாட்டு மலையேறிகள் எழுதுவதைப் படித்துவிட்டு கார்மின் இன்ரீச் போன்ற சாட்டிலைட் கருவியை வாங்க நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே வெளிநாட்டுப் பயணிகள் பிடிபட்டு வழக்கு வரை போயிருக்கிறது. ஆகவே இங்கே ஒப்பிடவே இடமில்லை. விசில் வாங்குங்கள், உலோகமல்லாத பிளாஸ்டிக் விசில். உலோகம் குளிரில் உதட்டில் ஒட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. இது பல நாடுகளில் மலையில் செல்லும் அபாயக் குறி. பதில் மூன்று ஊதலாக வரும். டார்ச் வெளிச்சத்திலும் இதையே செய்யலாம். போனை ஏர்ப்ளேன் மோடில் போட்டு உள்சட்டைக்குள் வையுங்கள். முகட்டில் எங்காவது சிக்னல் எட்டிப் பார்த்தால் 112.

அதைவிட, குழுவின் கடைசியில் ஒரு வழிகாட்டி வருகிறாரா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சின்னச் சின்ன சண்டைகள்

ஹெட்டார்ச்சில் ரீசார்ஜ் வகைதான் இப்போது ஃபேஷன். குளிரில் அதன் சார்ஜ் மளமளவென்று இறங்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்கும் கேடு. ட்ரிபிள் ஏ செல் போடுகிற ஹெட்டார்ச், அதில் ஒருமுறை மட்டும் பயன்படும் லித்தியம் செல். விலை உறுத்தும், ஆனால் மைனஸ் 40 வரை தாங்கும், சாதா அல்கலைன் மாதிரி மங்காது. ரீசார்ஜ் வகை ஏற்கெனவே இருந்தால் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள் போட்டுக்கொண்டு தூங்குங்கள்.

தண்ணீருக்குக் குழாய் வைத்த ஹைட்ரேஷன் பை வேண்டவே வேண்டாம், உச்சி ஏறும் அதிகாலையில் குழாய் முதலில் உறையும். வாய் அகலமான பாட்டிலைத் தலைகீழாகச் செருகுங்கள். பனிக்கட்டி மேலிருந்து கட்டும், மூடிப் பக்கம் திரவமாகவே இருக்கும். இரவில் அதே பாட்டிலில் வெந்நீர் பிடித்து, சாக்ஸுக்குள் போட்டு, தொடையிடுக்கில் வைத்துப் படுத்தால் ஹேண்ட் வார்மர் பாக்கெட்டுகளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. அந்தப் பாக்கெட்டுகள் இரும்புத்தூள் ஆக்சிஜனோடு சேர்வதால் சூடாகின்றன. இறுக்கிக் கட்டிய ஷூவுக்குள் காற்று போகாததால், எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் சோம்பிப் படுக்கும்.

சின்ன கேஸ் அடுப்பா, ஃப்ளாஸ்க்கா என்றால், சமையல்காரரோடு போகிற குழுவுக்கு ஸ்டீல் ஃப்ளாஸ்க். பியூட்டேன் வாயு மைனஸ் அரை டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும்; ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த குளிர்கால சிலிண்டர் என்றால்தான் எரியும். காற்றில் அதைப் பற்றவைக்கக் காய்ந்த விரல், லைட்டர், மறைப்பு எல்லாம் வேண்டும். ஃப்ளாஸ்க்குக்கு மூடியைத் திறக்கத் தெரிந்தால் போதும். சர்க்கரை தூக்கலாக ஒரு லிட்டர் டீ, உச்சி நாளில் தலா ஒன்று. குழு தனியாகப் போவதாக இருந்தால் மட்டும் அடுப்பு. அப்போதும் கூடாரத்துக்குள் எரிக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

கேஸ் சிலிண்டரை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது, ரயிலிலும் கூடாது. டேராடூனில் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பவர் பேங்க்கும் லித்தியம் செல்லும் கேபின் பையில் வர வேண்டும். செக்-இன் பையில் போட்டுவிட்டால் கன்வேயரில் பையை நிறுத்திப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மைக்ரோஸ்பைக்கும், ஷூவுக்குள் பனி போகாமல் காலில் கட்டும் கெய்ட்டரும் பல கம்பெனிகள் தருகின்றன, சாங்க்ரியில் வாடகைக்கும் கிடைக்கும். அவற்றுக்காக லக்கேஜ் எடையை வீணாக்க வேண்டாம். அந்த எடையில் இரண்டாவது ஃபோம் பாயைக் கட்டிக்கொள்ளலாம்.